புல்லரிக்கும் கை

“ஏட்டி, இந்தக் கிறுக்கலையெல்லாம் யாரு படிப்பா?” ஒன்பதாம் வகுப்பில் நான் கதை எழுதிய நோட்டைப் பிடுங்கிக்கொண்டு அருள்ராஜ் சார் கேட்டார். வகுப்பே சிரித்தது. நோட்டு திரும்பி வரவில்லை. மறுநாளிலிருந்து நானும் பள்ளிக்குப் போகவில்லை.

இப்போது வாரத்துக்கு ஏழு சூப்பர் ஹீரோ படங்கள் வருகின்றன. பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் உடம்பு மரத்துவிட்டது. தூத்துக்குடியில் இன்னும் புல்லரிக்கிற கை என்னுடையது மட்டும்தான். அதில் சிலிர்ப்பை எண்ணும் பட்டையைக் கட்டிப் படம் போட்டுக் காட்டுவார்கள். மூன்று முறையாவது சிலிர்த்தால்தான் படம் தியேட்டருக்குப் போகும்.

இன்று படத்தின் கதாசிரியரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அருள்ராஜ் சார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“நல்லா பாரும்மா. ஆறு வருஷக் கனவு.”

திரையில் ஓர் உப்பளத்துப் பெண், உப்பு கரையாதபடி மழையை உள்ளங்கையால் தடுத்து நிறுத்தினாள். என் நோட்டில் பிறந்த பேச்சிக்கனி. அடுத்து அவள் எங்கே பறப்பாள், யாரை அடிப்பாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நிதானமாகக் கொட்டாவி விட்டேன்.

படம் முடிந்தபோது பட்டை பூஜ்யம் காட்டியது.

“ஒரு தடவகூடவா சிலிர்க்கல? இது போச்சுன்னா இனிமே என்னை ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்கம்மா.”

யாரையும் நிமிர்ந்து பார்க்காத நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“இந்தக் கிறுக்கலையெல்லாம் யாரு சார் பார்ப்பா?”

அவர் கையில் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. சட்டைக் கையை இறக்கி அதை மறைத்துக்கொண்டு வெளியே போனார்.