ஆர்வலர்

அகராதி தொகுக்கும் இராஜநாயகம் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தது பிறிஜெற் என்ற பெண்ணைப் பார்க்கத்தான். எந்தச் சொல் எந்தப் பழைய பத்திரிகையில் வந்தது என்று ஆறு வருடமாக அவருக்குத் தபாலட்டையில் எழுதி அனுப்புகிறவர் அந்தப் பெண். ஓய்வுபெற்ற ரீச்சராக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

வாசலிலேயே தன் அகராதிக் குறிப்பை வாசித்தார். "'ஆர்வலர். முற்காலத்தில், அன்பு கொண்டவர். இக்காலத்தில், ஓய்வு நேரத்தில் ஒன்றை விரும்பிச் செய்பவர்.' நீங்கள் அனுப்பின வசனத்தைத்தான் சான்றாப் போடப்போறன். அந்தப் பேப்பரைக் காட்டுவீங்களோ?"

"அது இப்ப என்னட்ட இல்லை, சேர்."

"எப்பவும் இதைத்தானே எழுதுறீங்கள்! வாசிச்ச பேப்பரெல்லாம் எங்கதான் போகுது?"

"அலவி நானாட கடலைக் கடைக்கு. உள்ளுக்கு வாங்கோவன்."

உள்ளே கூரை வரைக்கும் பழைய பத்திரிகைக் கட்டுகள். நடுவில் பசைச் சட்டி. பிறிஜெற் ஒரு தாளை எடுத்து, இரண்டு பக்கமும் வாசித்து, மடித்து ஒட்டிப் பையாக்கினார்.

"விடியத் தொடங்கினா பொழுதுபட ஐந்நூறு பை ஒட்டுவன், சேர். வாசிக்காம ஒட்டினா ஆயிரம்."

இராஜநாயகம் அதன்பிறகு பேப்பரைக் கேட்கவில்லை. பேனையை எடுத்து, தன் குறிப்பில் 'ஓய்வு நேரத்தில்' என்ற இரண்டு சொற்களையும் வெட்டினார்.