மஞ்சள் மாத்திரை

சொன்னால் நம்பமாட்டீர்கள். மாமியார் பூவம்மா தேக்கா கடைத்தெருவில் தேடிப்பிடித்து வாங்கி வந்த மாத்திரையை, ரக்ஷனா டப்பாவோடு சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டாள். பத்து மாடிக்குக் கீழே அது போய் விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

"அடிப்பாவி! அது என் மகளுக்கு வாங்கினது!"

வாசல் கதவைச் சாத்தச் சொன்னதே பூவம்மாதான். மகள் நிவேதிதா மறுபடி உண்டாகியிருக்கிறாள். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, அது அந்த வீட்டு வழக்கம். இப்போது பூவம்மாவே போட்ட கூச்சல் சுவா சூ காங் வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

"ரெண்டு தடவ கலைஞ்சுபோச்சு அவளுக்கு. உள்ளே அழற்சி இருக்கு, அதான் நிக்கலன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீ வேலை செய்யுற லேப்ல மஞ்சள் சத்து கொடுத்து எலி வயித்துல இருந்த குட்டியெல்லாம் பொழச்சுதுன்னு நீதானே பெருமையா சொன்னே?"

"எலிக்கு, அத்தை. மனுஷங்களுக்கு என்ன ஆகும்னு இன்னும் தெரியாது."

"ஏன், குழம்புல தினமும் மஞ்சள் போடலயா?"

"குழம்புல ஒரு சிட்டிகை. இது அதையே பல மடங்கு கூட்டிச் செஞ்ச மாத்திரை. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு டாக்டரைக் கேக்காம சாப்பிடக்கூடாது."

"எலி மேல இருக்கிற அக்கறை என் மக மேல இல்ல உனக்கு. ஆறு வருஷமா வேலை வேலைன்னு பிள்ளையே வேணாம்னு இருக்கிறவளுக்கு, பறிகொடுத்தவ வலி எப்படித் தெரியும்?"

கொஞ்சம் அதிகம்தான். ரக்ஷனா குழாய் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சமையலறை வாசலில் நின்ற நிவேதிதா அழ ஆரம்பித்துவிட்டாள். "பயமா இருக்கு அண்ணி. இதுவும் போச்சுன்னா என்னால முடியாது லா. யாராச்சும் சாப்பிட்டுப் பார்த்திருக்காங்களா?"

"ஒருத்தி சாப்பிட்டா. யாரையும் கேக்காம."

"பிள்ளை?"

"நிக்கல. மாத்திரையாலயா, இல்ல தானாவே போச்சான்னு தெரியாது. அது தெரியாமதான் இன்னும் செத்துக்கிட்டிருக்கா. உனக்கு அது வேணாம்மா. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வர்றேன். அவர் கொடுக்கிறத மட்டும் சாப்பிடு."

பூவம்மாவின் குரல் இறங்கியது. "யாரு அவ? நமக்குத் தெரிஞ்ச பொண்ணா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"எப்படி அத்தை சொல்றது? மூணு மாசம் முடியுறவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

ரக்ஷனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மூணு மாசம் முடியவே இல்ல."