சாயம் போகாத சேலை

“உங்க சேலையில சாயம் போகலியே, டீச்சர்” என்றார் நடுவர் பாலசுப்பிரமணியன், துக்கம் விசாரிக்கும் குரலில்.

தச்சநல்லூர் கல்யாண மண்டபத்தில் இயற்கைச் சாயச் சேலைப் போட்டி. மேடையில் இரண்டு எவர்சில்வர் வாளிகள். இரண்டிலும் சோப்புக் கரைத்த வெந்நீர். ஞானசௌந்தரியின் சிவப்புச் சேலையின் முந்தானை கால்மணி நேரமாக முதல் வாளிக்குள் கிடந்தது. தண்ணீர் அப்படியே வெளுப்பாக இருந்தது.

“போகாம இருக்கத்தானே சார் நாலு வருஷம் பாடுபட்டோம்!” என்றாள் ஞானசௌந்தரி. அவர் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தாள்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள் அவள். சாலையை அகலப்படுத்தும்போது பொக்லைன் பிடுங்கிப் போட்ட மஞ்சணத்தி மரங்களின் மஞ்சள் வேரைப் பொறுக்கி வந்து, வெட்டி, இடித்து, அந்தச் சாற்றில் சேலையை வேகவைத்தாள். முதல் இருபது சேலைகள் காவி, செங்கல், அழுக்கு என்று மனம்போன நிறத்தில் வந்து காலை வாரின. கடுக்காயும் படிகாரமும் சரியான அளவில் அமைந்த இருபத்தொன்றாவது சேலையில்தான் அந்தச் சிவப்பு பிடித்தது.

இன்று ‘அசல் செடிச் சாயம்’ என்ற சான்றிதழ் கிடைத்துவிட்டால், பெங்களூர்க் கடை ஒன்று வருஷம் முழுக்கச் சேலை எடுக்கத் தயாராக இருந்தது. கூட வேலை செய்யும் ஆறு பெண்களும் அதை நம்பித்தான் காலையிலேயே வந்து முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள்.

இரண்டாவது வாளியில் ஜவுளிக் கடை சிவசங்கரனின் சேலை. போட்ட மாத்திரத்தில் தண்ணீர் ரோஸ்மில்க் ஆகிவிட்டது.

“பாருங்க!” நடுவர் மைக்கைப் பிடித்தார். “இதுதான் இயற்கை. பூ வாடுது, இலை உதிருது, சாயம் போவுது. போகணும்! போனாத்தான் அது உயிருள்ள சாயம்.”

கூட்டம் கைதட்டியது. ‘விழா உபயம்’ என்று போட்ட பேனரில் கும்பிட்டுக்கொண்டிருந்த சிவசங்கரன், மேடையிலும் அதே மாதிரி கும்பிட்டார்.

“அண்ணாச்சி, இது எந்தச் செடியில எடுத்த சிவப்பு?” என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

“மலைச் செடிம்மா.”

“பேரு?”

“பொதிகை மலையில சித்தருங்க காலத்துச் செடி. பேரைச் சொன்னா வீரியம் போயிரும்.”

அதற்கும் கைதட்டினார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

நடுவர் ஞானசௌந்தரியின் சேலையை வாளியிலிருந்து தூக்கிப் பிழிந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். கொஞ்ச நேரம் கூடுதலாகவே முகர்ந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “பள்ளிக்கூடத்துல நீங்க என்ன பாடம் எடுத்தீங்க?” என்றார்.

“கெமிஸ்ட்ரி.”

“கேட்டுக்கிட்டீங்களா? கெமிஸ்ட்ரியாம்!” என்று அவர் கூட்டத்தைப் பார்க்க, மண்டபமே ‘அப்படிச் சொல்லு’ என்பதுபோல் சிரித்தது.

முன்வரிசையிலிருந்து முத்துமாலை எழுந்து மேடைக்கே வந்துவிட்டாள். வேர் வெட்டுவதும் அடுப்பைப் பார்ப்பதும் அவள் வேலை. இரண்டு உள்ளங்கைகளையும் நடுவரின் முகத்துக்கு நேரே விரித்தாள். “ஐயா, வேரை வெட்டுனவ நான். இந்தா பாருங்க, ஒரு வாரமா இந்த மஞ்சக் கறை போவ மாட்டேங்கு.”

“ஒரு வாரமாப் போகலியா? அப்போ சந்தேகமே இல்ல. கெமிக்கல்தான்.”

சான்றிதழும் முதல் பரிசும் சிவசங்கரனுக்குப் போயின. சேலை வெளுக்கவில்லை, ஞானசௌந்தரியின் முகம்தான் வெளுத்துப்போனது. சாயங்காலத்துக்குள் பெங்களூர்க் கடையிலிருந்தும் ‘சான்றிதழ் இல்லாமல் எடுக்க இயலாது, மன்னிக்கவும்’ என்று செய்தி வந்துவிட்டது.

மறுநாள் காலை மணிமூர்த்தீஸ்வரத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய அவளது சாயக் கொட்டகை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அடுப்பைப் பற்றவைக்கவா வேண்டாமா என்று ஞானசௌந்தரி யோசித்துக்கொண்டிருந்த நேரம். இறங்கியவர் பாலசுப்பிரமணியன். கூட யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

முத்துமாலை அண்டா கிண்டும் கழியைக் கையில் எடுத்தாள். “இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு வந்திருக்காரு?”

“பொறு முத்துமாலை” என்று அவளைத் தடுத்த ஞானசௌந்தரி, நடுவரைப் பார்த்து, “என்ன சார்?” என்றாள்.

“நேத்து மேடையில நடந்ததை மனசுல வச்சுக்கிடாதீங்க, டீச்சர்.”

“தீர்ப்பை மாத்தப் போறீங்களா?”

“அதெல்லாம் முடிஞ்சு போச்சு.” அவர் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்புச் சேலையை நோக்கிக் கையை நீட்டினார். “எனக்கு அந்தச் சேலை வேணும். மக பிரசவத்துக்கு வந்து இங்கனதான் இருக்கா. பேத்திக்கு மூணு மாசம் ஆகுது. தொட்டில் கட்டணும்.”

ஞானசௌந்தரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “தொட்டில் கட்ட எதுக்கு சார் தோத்த சேலை? பரிசு வாங்குன சேலையை அண்ணாச்சிகிட்ட கேட்டா சந்தோஷமாத் தருவாரே!”

“அவரு நேத்தே வீட்டுக்குக் கொடுத்து விட்டுட்டாரு.”

“பிறகென்ன?”

நடுவர் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“பச்சப்பிள்ள வாயில வச்சுச் சப்பும் டீச்சர்... அது பூரா கெமிக்கலுல்லா!”