பன்னிரண்டு எழுத்து

“மூணு ஷில்லிங் ஆறு பென்ஸ் பாக்கிங்க. பன்னண்டு எழுத்து, எழுத்துக்கு மூணரை பென்ஸ்.”

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்து மிஸ் லம்லி சொன்னாள். இங்கிலாந்தின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிய எங்கள் ஊர் தபாலாபீசுக்கு அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வால்டர் ஹெப்பிள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தலையாட்டினான். கடிதம் பட்டாளத்துக் கல்லறை ஆபீசிலிருந்து அவன் அம்மா பேருக்கு வந்தது. ஜெர்மன் சண்டையில் செத்த அவன் தம்பிக்குப் பிரான்சில் கல்லறைக் கல் நடுகிறார்கள். எண், படைப்பிரிவு, பட்டாளப் பதிவேட்டில் உள்ள பெயர், இதெல்லாம் இலவசம். அதற்குக் கீழே வீட்டார் ஏதாவது எழுதச் சொன்னால் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் காசு. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங்.

“பன்னண்டுதானா?”

பின்னால் தபால்தலை வாங்க நின்ற ரட்டர் அக்காவின் குரல் அது. வால்டரின் பக்கத்து வீட்டுக்காரி.

“எங்க மகன் பெர்சி கல்லுக்கு அறுபத்தாறு போட்டோம். அதுக்கு மேல விடமாட்டாங்களாம். முழு வேத வசனம்! பத்தொம்பது ஷில்லிங் மூணு பென்ஸ் அழுதோம். நடுவுல விடுற காலி இடத்துக்கும் சேர்த்துல்ல காசு வாங்குறாங்க!”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா எட்வினுக்குப் பன்னண்டு? மொதச் சம்பளத்துல உங்கம்மாவுக்குத் தொப்பி வாங்கிட்டு வந்த புள்ளைப்பா. அது மேல ஒரு பொம்மைக் குருவி வேற. அன்னிக்குச் சேப்பல்ல யாரு பிரசங்கத்தைக் கேட்டா, எல்லாரும் குருவியைத்தான் பாத்தோம்.”

“அந்தத் தொப்பிய இன்னும் அலமாரியில வச்சிருக்கு அம்மா. யாரையும் தொட விடாது.”

“சுரங்கத்துல கூரை சரிஞ்சப்ப உன்னை இழுத்து வெளிய போட்டவனும் அவன்தானே?”

“அவன்தான். ஒரு காலை மட்டும் அரைகுறையா விட்டுட்டான்.”

மிஸ் லம்லிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. குனிந்து ரசீதுப் புத்தகத்தைத் தேடினாள்.

ரட்டர் அக்கா விடவில்லை. “அங்கயும் அதே வேலையைத்தானே பண்ணியிருக்கான். அடிபட்டுக் கெடந்த ரெண்டு பேரைத் தூக்கிட்டு வந்துட்டு, மூணாவது ஆளுக்குப் போனானாம். அதிகாரி எழுதின கடுதாசியைச் சேப்பல்ல படிச்சப்ப நான் அழுத அழுகை! பதினஞ்சு வயசுப் பையனை எப்படித்தான் சேத்துக்கிட்டானுங்களோ, படுபாவிங்க.”

வால்டர் தடியை மறு கைக்கு மாற்றினான்.

“கேளுப்பா. சேப்பல் நிதியில கொஞ்சம் கெடக்கு. நானே பேசுறேன். அவனுக்கும் அறுபத்தாறா போட்டுடலாம். பக்கத்துப் பக்கத்துக் கல்லா இருந்தா என் மகனுது நெறஞ்சு கெடக்கும், உன் தம்பிது மொட்டையா நிக்கும். நல்லாவா இருக்கும்?”

“நிதி வேணாம்க்கா.”

மிஸ் லம்லி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “இல்லைங்க, சுரங்கம் மூணு மாசமா மூடிக் கெடக்குன்னு எனக்கும் தெரியும். வசதியில்லாதவங்க கட்ட வேண்டியதில்லைன்னு கடிதத்துலயே போட்டிருக்கு. ‘இயலவில்லை’ன்னு ஒரு வார்த்தை எழுதி அனுப்பிடவா? பாக்கியைத் தள்ளிடுவாங்க. எழுத்தை எப்படியும் கல்லுல வெட்டிக் குடுத்துடுவாங்க.”

“எழுதாதீங்கம்மா!”

சத்தமாகத்தான் வந்துவிட்டது. சுரங்கத்துக்கு மேலே, வெளியே வரும் நிலக்கரியில் கல் பொறுக்குகிறவன் வால்டர்; இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். அவன் தணிந்து சொன்னான்.

“கோவிச்சுக்காதீங்க. இந்தப் பன்னண்டு எழுத்தை வேற யார் காசுலயும் வெட்டக் கூடாது. இது நான் அவனுக்குத் தர வேண்டியது. அம்மாகிட்டகூட வாங்கலை.”

கோட்டுப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பலகையில் அவிழ்த்தான். மூன்று ஷில்லிங் நாணயம். மிச்சம் பென்னியும் அரைப் பென்னியுமாகச் சில்லறை.

“ஏதுடா இவ்ளோ?” என்றாள் ரட்டர் அக்கா.

“பந்தயப் புறா ரெண்டை வித்தேன்.”

“அய்யோ, அந்தச் சாம்பக் கலரா?”

“அதேதான். அது ரெண்டாம் நாளே கூட்டுக்குத் திரும்பி வந்துடுச்சு. வாங்கின ஆளு வாசல்ல நின்னு கத்துறான்.”

மிஸ் லம்லி இந்த முறை சிரித்தேவிட்டாள். சில்லறையை இரண்டு தடவை எண்ணினாள். சரியாக இருந்தது. ரசீதில் தொகையை எழுதி, ‘பாக்கி இல்லை’ என்று முத்திரை குத்தினாள்.

ரட்டர் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. “உன் பிடிவாதம் உன்னோட. அந்தப் பன்னண்டுல அப்படி என்னதான் எழுதிட முடியும்னு கேக்குறேன்.”

“அவனுக்கு வேண்டியது அதுல இருக்குக்கா.”

“கட்டுறவங்க பேரு?” என்றாள் மிஸ் லம்லி.

“வால்டர் ஹெப்பிள்.”

எழுதப் போனவள் நிறுத்தினாள். கடிதத்தின் தலைப்பை ஒரு முறை பார்த்தாள். “இறந்தவர் பேரைக் கேக்கலைங்க. ‘சிப்பாய் வால்டர் ஹெப்பிள்’னு அதுதான் இங்கயே அச்சடிச்சிருக்கே. பணம் கட்டுற உங்க பேரைக் கேட்டேன்.”

வால்டர் நிமிர்ந்து நின்றான்.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. ‘உன் காலுக்குப் பதிலா நான் போறேன்’னு, வயசு பத்தாததால என் பிறப்புச் சீட்டைக் காட்டித்தான் அவன் பட்டாளத்துல சேந்தான், கல்லுல மேல என் பேருதான் நிக்கும், அதுக்குக் கீழ ‘எட்வின் ஹெப்பிள்’னு அவன் பேரைப் போடத்தான் இந்தப் பன்னண்டு எழுத்து.”