முதல் குழாய்

சுத்திகரித்த கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையப் பொறுப்பாளரின் வீட்டுக் குழாயில் வர வேண்டும்; பிறகுதான் நொய்யல் ஆற்றில் விழ வேண்டும். அதுதான் சட்டம்.

அன்று பொறுப்பாளர் தாரணியைக் கணவன் கவின் போனில் கூப்பிட்டான். "குளிக்க வெச்சேன், பாப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சிருச்சு! ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

தாரணி உடனே ஆற்று மதகை மூடினாள். தொட்டிகளில் தண்ணீர் ஏறியது.

"வழிஞ்சா ஊருக்குள்ள பூந்துருமுங்க, தொறந்து விடுங்க," என்று உதவியாளர் நாச்சிமுத்து பதறினார்.

"எம் புள்ளைக்கு ஆகாத தண்ணிய ஆத்துல எப்படீங்ணா விடறது?"

மறுபடி போன் அடித்தது. "தண்ணியில ஒண்ணுமில்லையாம். தொவட்டின துண்டுல கம்பளிப்பூச்சி இருந்திருக்குது. பாப்பா இப்பச் சிரிக்கறா."

தாரணி மதகைத் திறந்தாள். கீழே இறங்கி, ஆற்றில் விழுந்த தண்ணீரை இரண்டு கைகளாலும் அள்ளி, அழுத முகத்தைக் கழுவிக்கொண்டாள்.