நாற்பதுக்குப் பிறகு

“நாற்பது” என்றேன்.

அறுவை மருத்துவரின் ஊசி ஒரு கணம் நின்று, மீண்டும் நகர்ந்தது.

எட்டு நாள் பெண் குழந்தை. இதயத்திலிருந்து வளைந்து இறங்க வேண்டிய பெருங்குழாய் பாதி வழியிலேயே அறுந்தாற்போல் நின்றிருந்தது. இரு முனைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். தைத்து முடியும்வரை அவள் உடம்பில் எங்கும் ரத்தம் ஓடக் கூடாது.

அதனால் அவளைப் பதினெட்டு டிகிரிக்குக் குளிரவைத்து, தலையைச் சுற்றி ஐஸ் பைகளை அடுக்கி, என் இயந்திரத்தை நிறுத்தியிருந்தேன்.

இதயத்துக்குப் பதிலாக ஓடும் இயந்திரம் அது. அது நின்றுவிட்டால் எனக்கு ஒரே வேலைதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை உரக்கச் சொல்வது. நாற்பது வரை மூளை பொறுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகும்.

தையல் பிய்ந்தது. நனைந்த காகிதம்போலிருந்த சதை நூலைத் தாங்கவில்லை.

அவர் எல்லாவற்றையும் பிரித்தார்.

“நாற்பத்தை...”

“கடிகாரம், வாயை மூடும்மா. கை பதறுது.”

எனக்கு அவர் வைத்த பெயர் அது. அரை நிமிடம் பிந்தினாலே “பேட்டரி போயிடுச்சா?” என்று நக்கலடிப்பவர்.

மூடிக்கொண்டேன். சுவரிலிருந்த சிவப்பு எண்கள் மூடிக்கொள்ளவில்லை.

கடைசி முடிச்சு விழுந்தது. இயந்திரத்தை ஓடவிட்டேன். உடம்பு மெல்லச் சூடேறியது. இதயம் ஒருமுறை சிலிர்த்து, பிறகு தானாகவே துடித்தது.

ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அவ்வளவு அழகான தையலை நான் பார்த்ததேயில்லை. ஒரு செவிலி கைதட்டவே தொடங்கிவிட்டாள்.

யாரும் நேரம் கேட்கவில்லை.

மறுநாள் மாலை தாயைத் தீவிர சிகிச்சை அறைக்குள் விட்டார்கள். குழந்தைக்கு மயக்க மருந்தை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. தாய் முதலில் தொட்டது பாதங்களை.

“டாக்டர், கால் சூடா இருக்கு! பொறந்ததுலருந்து சில்லுன்னுதான் இருந்துச்சு.”

அவர் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தார். கையில் அறுவைக் குறிப்புத் தாள். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“எவ்வளவு?” என்றார், என்னைப் பார்க்காமல்.

“எழுபத்தெட்டு.”

எழுதினார்.

எங்களுக்குப் பின்னால் தாய் பாதங்களை விடாமல் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

“போதும்டி, தூங்குமூஞ்சி. கண்ணைத் தொற.”