ஜாடை

“ஜோடிக்குள்ள பேச்சும் கூடாது, ஜாடையும் கூடாது. அதுதான் பிரிட்ஜ் ஆட்டம்! உண்மையைச் சொல்லலைன்னா கோப்பையும் கிடையாது, ஆயுசுக்கும் சீட்டைத் தொட முடியாது.” நடுவர் மேசையைத் தட்டினார்.

ஜெயித்த பெண்கள் இருவரும் எதிரே நின்றார்கள்.

“உங்க ஜோடி கையில இஸ்பேட் ராணி இருக்குன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”

இளையவள் ஓரடி முன்னால் வந்தாள். “எதைப் பதுக்குவாங்க, எதை எப்ப வெளிய எடுப்பாங்கன்னு எனக்கு அத்துப்படி சார்.”

“அதெப்படி?”

“என் மாமியார் சார்.”

“அப்போ வீட்லயே ஜாடை பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க!”

“ஜாடையா? நாங்க முகம் கொடுத்துப் பேசியே மூணு வருஷமாச்சு சார்.”

நடுவர் மூத்தவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

“கடைசி ஆட்டம் பிரமாதம்னு அவகிட்ட சொல்லிடுங்க சார்.”